உள்பக்கம் திறக்கும் கதவு

ஜோகுபாளையத்தில் சேஷகிரியின் மெத்தைப் பட்டறையில் தைக்கும் வேலை பார்த்தவள் பாஞ்சாலி. பக்கத்து வீட்டு யூஜின் ஒரு கம்பெனியில் கிளார்க். 1965இல் ஒருநாள் அவர் பத்திரிகைப் படம் ஒன்றைக் காட்டினார். எட்வர்ட் ஒயிட் என்ற அமெரிக்கர், விண்கலத்துக்கு வெளியே கயிறு போன்ற ஒன்றின் பிடியில் மிதந்துகொண்டிருந்தார்.

“அது அறுந்துட்டா என்னாண்ணே ஆவுறது?”

“அறுந்துடலியேம்மா. பத்திரமா எறங்கிட்டாரு.”

படத்தைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டினாள். கணவன் கோவிந்தன், “சாமி பக்கத்துல யாருடி இவன்?” என்றான். “மேல போயி, திரும்பி வந்த மனுசன்” என்றாள்.

1967 ஜனவரிக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த யூஜின் அவள் வாசலில் நின்றார்.

“அந்த ஒயிட் போயிட்டாரும்மா. இன்னும் ரெண்டு பேரும்.”

“ஆகாசத்துலயா?”

“தரையில. ராக்கெட் கெளம்பவே இல்ல. ஒத்திகை பாக்கச்சே உள்ள தீப்பிடிச்சிக்கிச்சி.”

பாஞ்சாலி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவர்கள் ஏன் வெளியே ஓடி வரவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. சில நாள் கழித்து யூஜினே சொன்னார்: கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே சூட்டில் காற்று விம்மி அதை அழுத்திக்கொண்டது. எவ்வளவு முயன்றும் திறக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவள் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கதவும் உள்பக்கம்தான் திறக்கும். முன்பு ஒருமுறை பஞ்சு திருடுபோனதால், பெண்கள் உள்ளே போனதும் சேஷகிரி வெளியே பூட்டிவிடுவார். உள்ளே கூரை வரை பஞ்சு. மேலே அவ்வப்போது பொறி கக்கும் விளக்குக் கம்பி.

“பூட்டாதீங்க சார். கதவையும் வெளிய தெறக்குற மாதிரி மாத்திடுங்க.”

சேஷகிரி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “ஏனம்மா, அமெரிக்காவுல எவனோ செத்தா எனக்குச் செலவா? இஷ்டம் இல்லன்னா வீட்டுக்குப் போ.”

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மெத்தை உறையையும் கோணி ஊசியையும் எடுத்துவந்து தெருவோரம் உட்கார்ந்து தைத்தாள். வேலை போனால் கோவிந்தன் என்ன சொல்வானோ. கூடத் தைக்கும் சின்னத்தாயி உள்ளே போனவள், பூட்டு விழுவதற்குள் தன் உறையோடு வெளியே வந்து பக்கத்தில் அமர்ந்தாள். பிறகு லட்சுமம்மா. மறுநாள் உள்ளே யாருமே இல்லை; பஞ்சு அடைப்பதும் தெருவோரம்தான். காற்றில் பஞ்சு பறந்து எதிர்ச்சாரி ஹோட்டல் சாம்பாரில் விழுந்தது. ஹோட்டல்காரர் கத்திக்கொண்டு வந்தார். சேஷகிரி தலையில் கைவைத்துக்கொண்டு ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்.

பூட்டு போனது, கதவு வெளியே திறந்தது. அதற்கு ஈடாக, மாலையில் ஒவ்வொருத்தியாகப் பையை உதறிக் காட்ட வேண்டும் என்றார். லட்சுமம்மாவுக்கு அழுகை வந்தது. பாஞ்சாலிக்கும் அவமானம்தான். ஆனாலும் வரிசையில் முதலில் போய் நின்று, “நல்லாப் பாத்துக்கோங்க சார்” என்றாள். நாலைந்து மாதத்தில் அவருக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அந்தப் பட்டறையில் தீ விபத்து எதுவும் நேரவில்லை.

“இம்மாம் ரகளை பண்ணியே, நெருப்பே வரலியேடி” என்று சின்னத்தாயி ஒருநாள் கேலி செய்தாள்.

“வராட்டி நல்லதுதானேக்கா” என்று பாஞ்சாலி ஊசியில் நூலைக் கோத்தாள்.