வேர் முடிச்சு பார்க்கப் படப்பைக்கு ஓர் அரை நாள்

போய் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுத மனம் வந்தது.

நான்கு வயது மித்ராவுக்கு ஜனவரியில் காதில் சீழ். பத்து நாள் ஆன்டிபயாடிக். காது சரியானது, வயிறு கெட்டது. "நல்ல கிருமியும் சேர்ந்து போயிருக்கும், தயிர் கொடுங்க" என்றார் டாக்டர். தயிரும் கொடுத்தேன், வீடு முழுக்க சானிடைசர் போட்டும் துடைத்தேன். இரும்புலியூர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவள் அழுத அழுகையில், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எங்களுக்குக் கீரை கொண்டுவரும் கலா அக்காவின் வயலுக்குக் கிளம்பினோம்.

மேற்குத் தாம்பரத்தில் 7.10க்குப் பேருந்து (பெண்களுக்குக் கட்டணமில்லை), 7.50க்குப் படப்பை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, எண்பது ரூபாய். உட்காரும் முன் சீட்டைத் துடைத்தேன். "போதும் மேடம், ரெக்சின் கிழிஞ்சிடப் போவுது" என்றார் ஓட்டுநர்.

வேர்க்கடலை மஞ்சளாகப் பூத்திருந்தது. மித்ராவுக்குக் காட்ட அக்கா ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்தார். வேரெங்கும் கடுகளவு முடிச்சுகள். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, செடிக்கு நோய், அக்கா" என்று பிடுங்கிவிட்டு சானிடைசரைத் தேடினேன்.

"நோயா? இது இருந்தாதான் செடி நல்லா கீதுன்னு அர்த்தம். இன்னா, செடிக்கும் அத்தத் தடவுவியா?"

ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே மித்ராவின் ஈறு போல இளஞ்சிவப்பு. கல்லூரியில் ரைசோபியம் பற்றி இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். காற்றிலுள்ள நைட்ரஜனை அந்த பாக்டீரியா செடிக்கு உணவாக்கித் தருகிறது, செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. செடியே வேரைத் திறந்து உள்ளே விடுகிறது. அதைத்தான் நேரில் பார்த்து நோய் என்றேன்.

"யூரியா அள்ளிக் கொட்டுனா இது அவ்ளோவா வராது. செடிக்கு அது வேணுமேன்னு இருக்கணும்ல" என்றார் அக்கா.

பாட்டிலைப் பைக்குள் வைத்தேன். மித்ரா ஒரு மணி நேரம் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பம்ப்செட் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, தயிர்சாதம் ஊட்டினேன். பல நாளுக்குப் பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டாள். மண் குணமாக்கியது என்று சொல்ல வரவில்லை. வயிறு தன் பாட்டில் தேறிக்கொண்டிருந்திருக்கும், பயத்தில் நான்தான் கவனிக்கவில்லை.

போகிறவர்கள் பூக்கும் பருவத்தில், வெயில் ஏறும் முன் போங்கள். வயல்காரரைக் கேட்காமல் செடியைத் தொடாதீர்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். சோப்பு அவசியம்.

அக்கா கொடுத்தனுப்பிய வேர்க்கடலை விதை எங்கள் மாடித் தொட்டியில் முளைத்திருக்கிறது. மித்ரா தினமும் மண்ணைக் கிளறுகிறாள். நான் சோப்போடு நிற்கிறேன், கொஞ்சம் தள்ளி.