அவருடைய மூக்காக இருந்த வருஷங்கள்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். என் வீட்டுக்காரர் விஷயத்தில் மணியோசைக்குப் பதில் எண்ணெய் நாற்றம். வியாழக்கிழமை சாயங்காலம், வளைகுடாவில், ரோலா பகுதியில் நாங்கள் இருந்த கட்டிடத்தின் லிஃப்ட் கதவு திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தனி வாளி, தனிச் சோப்பு, தனித் துண்டு எல்லாம் குளியலறையில் தயாராக இருக்கும்.

அவருக்கு ஃபுஜைராவில் வேலை. கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களிலிருந்து கழிவெண்ணெயை உறிஞ்சி எடுக்கிற படகில் ஃபோர்மேன். ஏதாவது ஒரு கப்பல் தன் தொட்டியைக் கழுவின அழுக்கைத் திருட்டுத்தனமாகக் கடலில் கொட்டிவிட்டுக் கம்பி நீட்டினால், அதை அள்ளுவதும் இவர்கள்தான். வாரம் முழுக்க அங்கே கேம்ப்பில் இருப்பார். வியாழன் இரவும் வெள்ளிக்கிழமையும் மட்டும் வீட்டில். வீடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மலையாளி நர்ஸ் குடும்பத்தோடு சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்ட ஒற்றை அறை.

அவர் என் மாமி மகன். பிறந்ததிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியவரையே கட்டிக்கொண்டதால், வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிற உரிமையும் சேர்ந்தே வந்தது.

“பூக்கடைக்கு விளம்பரம் எதுக்குன்னு சொல்லுவாங்க. நீங்க வர்றதுக்கும் தேவையில்ல மச்சான். கீழ பஸ் நிக்கிற இடம் வரைக்கும் மணக்குது” என்பேன்.

“இந்த நாத்தத்துலதான் புள்ள உன் சோறு மணக்குது” என்பார் குளியலறைக்குள்ளிருந்து.

அவருக்கு வாய்த்தது சாதாரண மூக்கு இல்லை. எங்கள் ஊரில் தெருமுனையில் நின்றுகொண்டு, எந்த வீட்டுச் சட்டியில் என்ன மீன் கொதிக்கிறது என்று சொல்லுவார். ரோலாவில் விமானத்தில் வந்திறங்கிய மல்லிகைச் சரம் விற்கிற கடை ஒன்று உண்டு. வியாழக்கிழமைதோறும் அங்கே நின்று பூவை முகர்ந்து பார்த்து, “இது நேத்து வந்த பூ பாய், என்கிட்ட ஏன் கதை விடுறீங்க” என்று சண்டை போட்டு, புதுச் சரமாகப் பார்த்து வாங்கி வருவார். அந்தக் கடைக்காரருக்கு இவரைக் கண்டாலே ஆகாது.

ஒரு வியாழக்கிழமை அவர் கொடுத்த பூவில் டீசல் நாற்றம் அடித்தது. எண்ணெய் படிந்த வேலை உடுப்பும் பூவும் ஒரே பையில் வந்திருக்கின்றன. “வச்சுக்க புள்ள, இப்பதான் வந்து இறங்குச்சு” என்று பெருமையாக நீட்டினார். என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே தலையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அறையில் உம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துக் கருகிவிட்டது. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். இந்த மனுஷன் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதியச் சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“பால் தீயுது, குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே. மூக்கு என்ன அடகுலயா இருக்கு?”

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். “கொஞ்ச நாளாவே ஒண்ணும் தெரியல புள்ள” என்றார்.

“எப்பலேர்ந்து?”

“நோன்புக்கு முந்தியே.”

பெருநாளன்று நான் அத்தர் பூசிவிட்டபோது கண்ணை மூடிக்கொண்டு “ஆஹா” என்றாரே, அதுவும் நடிப்புத்தான். கருகின பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. பல வருஷம் எண்ணெய் ஆவியை இழுத்து இழுத்து மூக்கின் நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்றார். அந்த வேலையை விட்டால் வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வேலையை எப்படி விடுவது? விசா கஃபீல் கையில், அதாவது வேலை கொடுத்த அரபி முதலாளி கையில். என் விசாவோ இவருடைய வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது நான் முழுகாமல் வேறு இருந்தேன், அதுவும் எத்தனையோ வருஷக் காத்திருப்புக்குப் பிறகு. “கலாஸ், மூக்குதானே போச்சு. கண்ணு இருக்கு, காது இருக்கு. உன் பேச்சைக் கேக்க அது போதும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மகள் பிறந்தாள். அந்த வியாழக்கிழமை வெகுநேரம் குளித்துவிட்டு வந்தார். குழந்தையை வாங்கி, அதன் உச்சந்தலையில் மூக்கைப் பதித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எப்படி மணக்குது, சொல்லு.”

“பால் மணம்” என்றேன்.

“காய்ச்சின பாலா, பச்சைப் பாலா?”

ஊரே என்னை வாயாடி என்று சொல்லும். அன்றோ தட்டுத் தடுமாறி, “வெயில்ல காஞ்ச துணி மாதிரி. அதுல துளி நெய் பட்ட மாதிரி” என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அப்போதுதான் குழந்தை முகத்தைச் சுளித்து, தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த எண்ணெய் முழுதாகப் போகாது. நகக்கண்ணில், காது மடலுக்குப் பின்னால், முடியில் எல்லாம் ஒளிந்திருக்கும். வியர்த்தால் வெளியே வரும். முன்பெல்லாம் அது அவருக்கே தெரியும். இன்னொரு முறை குளிப்பார். இப்போது தன் உடம்பு நாற்றம் தனக்கே தெரியாத மனுஷனாகிவிட்டார்.

“என் மேல இன்னும் நாத்தம் இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. ஆமாம் என்றால் குழந்தையைக் கிடத்திவிட்டுத் தள்ளிப் போய்விடுவார். அவருக்குக் கிடைப்பதோ வாரத்தில் ஓர் இரவும் ஒரு பகலும்.

“இல்ல மச்சான். அதுக்கு வயித்து வலி” என்றேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பண்ணின பிறகு சொல்ல வேண்டிய பொய்களைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்குப் பிறகு வாராவாரம் அதே சோதனை. குளித்துவிட்டுக் கைலியோடு வந்து, ஏர்போர்ட்டில் சோதனைக்கு நிற்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலில் நிற்பார். “பார்த்துச் சொல்லு” என்பார். நான் கழுத்தருகே முகர்ந்துவிட்டு, “சுத்தம்” என்பேன். அதன் பிறகுதான் மகளைத் தூக்குவார். அவளும் பழகிவிட்டாள். அந்த நாற்றம் வந்தால் வாப்பா வந்தாச்சு என்று தவழ்ந்து வருவாள்.

ஒரு வருஷம் எங்கள் பக்கத்துக் கடலிலேயே எண்ணெய் படர்ந்தது. ஃபுஜைராவிலிருந்து இவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடல்நீரைக் குடிநீராக்குகிற இடத்தை மூடிவிட்டதால் கட்டிடத்தில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. அவர் தலையிலிருந்து கால்வரை கறுப்பாக வந்து, வெளியே வராந்தாவிலேயே நின்றுவிட்டார். “தண்ணி மாஃபி. நான் கேம்ப்புக்கே போறேன், பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க” என்றார்.

“வாய மூடிக்கிட்டு உள்ள வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தேன். தேங்காய் எண்ணெயில் பழந்துணியை நனைத்து, தார் ஒட்டின இடமெல்லாம் தேய்த்தேன். குடிக்க வாங்கி வைத்திருந்த பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். குளிர் நாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார சூப்பர்வைசர் வந்திருக்கிறாராம்.

“அவரு ஊருக் கடலு குளிர்காலத்துல உறைஞ்சு கிடக்குமாம் புள்ள. அங்க எண்ணெய் கொட்டுனா ஐஸுக்கு அடியில போயிருமாம். மேல பாத்தா வெள்ளை வெளேர்னு சுத்தமா இருக்குமாம். கீழ இருக்கிற மீனுக்குத்தான் தெரியுமாம்.”

நான் அவர் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப?” என்றார்.

“சுத்தம்” என்றேன்.

மகள் கேஜி படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்திருந்தார்கள். அவர் லீவு போட்டு, கேம்ப்பிலேயே மூன்று முறை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நேரே வந்தார். மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகளுக்கு என்னுடைய வாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எங்க வாப்பா ஆல்வேஸ் இப்படித்தான் ஸ்மெல் பண்ணுவாங்க. பாத் எடுத்தாலும் போகாது. உம்மாவுக்கும் தெரியும்.”

வாப்பாவுக்காகச் சண்டை போடுவதாகத்தான் அவள் நினைத்தாள். பாவம், குழந்தை. அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“எப்பவுமேவா?” என்று கேட்டார்.

நான் குனிந்து மகளின் ஷூ வாரை இறுக்கினேன்.

அதற்குப் பிறகு வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டார். வருவார், குளிப்பார், ஜன்னலைத் திறந்துவிட்டு அதன் அருகே உட்கார்ந்துகொள்வார். மகள் மடியில் ஏறினால் மெல்லத் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைப்பார். “வேர்க்குதும்மா, அங்க உக்காரு” என்பார். ஏசி ஓடிக்கொண்டிருக்கும். தெரிந்தேதான் சொன்னேன் அந்தப் பொய்யை. இன்றைக்கு அந்தக் குழந்தையை மறுபடி அவர் கையில் கொடுத்தாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் அந்த வாசலில் வந்து நின்று பார்க்கட்டும்.

கொஞ்ச காலத்தில் அங்கே கம்பெனிகள் முடங்கி, தெரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குக் கிளம்பின. இவர் வேலைக்கு ஆபத்து இல்லை. கடலில் கொட்டுகிறவர்கள் எந்தக் காலத்திலும் குறைவதில்லை. ஆனாலும் எங்களை அனுப்பினார். “புள்ள படிப்புக்கு ஊருதான் நல்லது” என்றார். படிப்புக்காக இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஏர்போர்ட்டில் தள்ளி நின்றுதான் கையாட்டினார். “வாப்பா ஏன் கிட்ட வரல?” என்று மகள் விமானம் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பல வருஷம் கழித்து விசா முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். கடைசி இரண்டு வருஷம் அவருக்குப் படகு வேலையே இல்லை, ஸ்டோரில்தான். மகள் அவர் தோளுக்கு வளர்ந்திருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வயதுப் பெண்கள் வாப்பாவிடம்கூடக் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். அவளும் சலாம் சொல்லிவிட்டு, உள்கதவைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு அங்கேயே நின்றாள்.

அவளைப் பார்த்தார். தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, அத்தனை வருஷத்துக்குப் பிறகு, மறுபடி கேட்டார்.

“இருக்கா?”

நான் அருகே போய் முகர்ந்தேன். கழுத்து, காது மடல், முடி எல்லாவற்றையும் முகர்ந்தேன். பயண வியர்வையும் சோப்பும்தான். எண்ணெய் போன இடம் தெரியவில்லை.

“அல்லாஹ் மேல ஆணையா ஒண்ணுமே இல்ல மச்சான்” என்றேன்.

அவர் சிரித்தார். என் தலையில் லேசாகத் தட்டினார்.

“நீ அப்படித்தான் புள்ள சொல்லுவ” என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் குளிக்கப் போனார். மகளும் நானும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவர் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நிற்கவே இல்லை.