கடைசி அவசரம்

சுகிர்தபாய்க்கு எப்படியாவது பி.ஏ. ஜெயித்தாக வேண்டும். கேரள எல்லையில் பாறசாலையில் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் குடிகிடப்பாக இருந்த அவளுடைய அப்பாவுக்கு, நிலச்சட்டம் வந்தபோது பத்து சென்ட் சொந்தமாகப் பதிந்து கிடைத்தது. அந்தச் சந்தோஷத்திலேயே பிரீடிகிரி முடித்த மகளைக் கட்டிக்கொடுத்துப் பாரத்தை இறக்கிவிட்டார். மேலே படிக்கவா என்று யாரும் கேட்கவில்லை.

புருஷன் பொன்னுதாஸ் கட்டட வேலைக்குத் துபாய் போனபிறகு, முப்பத்திரண்டு வயதில் அவள் யுனிவர்சிட்டியில் பிரைவட்டாகப் பதிந்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு டுட்டோரியலில் சனி, ஞாயிறு வகுப்பு, வருஷத்துக்கொரு பரீட்சை. ஜெயித்து வந்தால் அங்கேயே வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் பொன்னுதாஸ் வெயிலில் வேகாமல் ஊருக்கே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

தமிழ்ப் பேப்பரில் நல்ல மார்க். இங்கிலீஷ்தான் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவை பணம் கட்டப் போனபோது, பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இது 'அவசானத்தெ அவசரம்', அதாவது கடைசி அவசரம், என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. பாறசாலைத் தமிழிலும் அப்படித்தான்.

இதற்கிடையில் கொழுந்தன் தேவகுமாருக்குப் பொறுக்கவில்லை. அண்ணி குடை பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்று அண்ணனுக்கு எழுதிப்போட்டான். படித்தது போதும் என்று துபாயிலிருந்து உத்தரவு வந்தது. பொன்னுதாஸுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. அவனுடைய கடிதங்களை எழுதுவதும் வாசிப்பதும் அறையில் கூட இருந்த தஞ்சாவூர்க்காரர். சுகிர்தபாய் கோபத்தில் மூன்றே வரி எழுதினாள். 'இது எனக்குக் கடைசி அவசரம். இதை விட்டால் பிறகு இல்லை. நீங்கள் மனசு வைக்க வேண்டும்.'

பரீட்சை நாள் காலை. ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கும்போது வாசலில் டாக்சி வந்து நின்றது. பொன்னுதாஸ் இறங்கி அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தான்.

"உனக்கு நோய் சூக்கேடு ஒண்ணும் இல்லியா?"

"எனக்கென்ன சூக்கேடு?"

மடித்து மடித்துக் கிழிந்துபோயிருந்த கடிதத்தை நீட்டினான். தஞ்சாவூர்க்காரர் மனசுக்குள் வாசித்ததும் முகம் மாறி, வீட்டுக்காரம்மா உயிருக்கு ஆபத்து, உடனே கிளம்பு என்றாராம். கம்பெனி லீவு தரவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். இனி எடுக்க மாட்டார்கள்.

அவளுடைய கையெழுத்துதான். அவனே வாசித்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். படிப்பு போதும் என்று சொன்ன ஆளுக்கு அந்த ஒரு வரி வாசிக்கத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"நான் சொன்னது பரீட்சைக்க அவசரமாக்கும்," என்றாள்.

அவன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். "அப்போ நீ போய் எழுது. உனக்க அவசரமாவது மிஞ்சட்டும். எனக்கது போச்சு."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வீம்புக்காவது போயிருப்பாள். பையை வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டாள். நெய்யாற்றின்கரை பஸ் போகிற சத்தம் அடுக்களைவரை கேட்டது.

பொன்னுதாஸ் காட்டாக்கடைப் பக்கம் கூலிக்குக் கொத்து வேலைக்குப் போனான். அடுத்த வருஷம், பழைய கம்பெனியில் இருந்த தமிழ் போர்மேனுக்கு, திரும்ப வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான். சுகிர்தபாய் எழுதினாள். 'இது எனக்குக் கடைசி' என்று எழுதியதும் கை நின்றது. பிறகு 'வாய்ப்பு' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். பதில் வரவில்லை.