மட்டாஞ்சேரியில் ஒரு மணல் வண்டி

அந்த முறை அலுத்துப்போய்த்தான் ஊருக்கு வந்தேன். இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் ஒரே வேலை. பாலைவனத்தைப் பார்க்க வருகிறவர்கள் மணல்மேட்டில் ஏறி இறங்கிக் கூச்சல் போடுவதற்கென்றே ஒரு வண்டி உண்டு. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. இரும்புக் குழாயில் ஒரு கூடு, பின்னால் எஞ்சின், நாலு தடித்த டயர். டியூன் பக்கி என்பார்கள். அவர்கள் உடைத்துக்கொண்டு வருவதை நான் ஒட்டவைத்துக் கொடுப்பேன். மறுநாள் இன்னொருத்தன் உடைத்துக்கொண்டு வருவான். ஐம்பது வயதானபோது முதுகு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும் என்று கம்பெனியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், சுக்கு மிளகு மண்டிகளுக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்று. நாங்கள் தமிழ் பேசுகிற ராவுத்தர்கள். வியாபாரத்துக்கு வந்த குடும்பம், வியாபாரம் போய்க் குடும்பம் மட்டும் தங்கிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவள் ஆலுவாவில் இருக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஓரெழுத்து படிக்கத் தெரியாது. அதனால் இதையெல்லாம் நான் தைரியமாக எழுதலாம். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். கல்யாணமான அடுத்த வருடமே கடல் தாண்டி அக்கரை போனவன் நான். எங்கள் குடித்தனம் முழுக்க முழுக்க விடுமுறைக் குடித்தனம்தான்.

வைப்பினில் கடற்கரையோரம் விடுதி நடத்துகிற ஒருவர் முன்பு எங்கள் பாலைவன முகாமுக்குச் சுற்றுலா வந்தபோது பழக்கமானவர். ஊருக்கு வந்ததும் அவரைப் போய்ப் பார்த்தேன். மலையாளி, ஆனால் என்னிடம் தமிழ்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடிப்பார். அண்ணன் என்பதற்கு மட்டும் இக்கா என்பார்.

"இக்கா, ஒரு வண்டி உண்டாக்கிக் காட்டுங்க. கெஸ்டுக்கு இஷ்டப்பட்டா நாலெண்ணம் போடலாம். எல்லாத்தையும் நோக்கி நடத்துறது நீங்கதான். பின்ன எதுக்கு அக்கரை போகணும்?"

விஷயம் அவ்வளவுதான். வண்டி தேறினால் நான் ஊரில் இருக்கலாம். தேறாவிட்டால் மறுபடி மணல்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பெயரைக் கேட்டதும் "பக்கியா? அது நான் உங்களைத் திட்டுற வார்த்தையாச்சே" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் கொல்லையில் கட்டியிருந்த துணிக்கொடி மூன்றையும் அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "எடம் போதுமா பாருங்க மச்சான். துணி எங்க காயப்போடுறதுன்னு நான் பாத்துக்கிறேன்." இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

ஆலுவாவில் ஓர் ஆக்ரிக்கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், பின்பக்கம் நசுங்கிப்போன சின்னக் கார் ஒன்று கிடைத்தது. எஞ்சினும் கியர்பெட்டியும் உயிரோடு இருந்தன. முன்னால் இருந்ததைப் பிரித்துப் பின்னால் வைக்க வேண்டும். சொல்ல ஒரு வரி, செய்ய ஒன்றரை மாதம். கியர் குச்சியை எஞ்சினுக்கு முன்புறம் கொண்டுவந்ததில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஒன்று போட்டால் இரண்டு விழும், இரண்டு போட்டால் ஒன்று விழும். அதைச் சரிசெய்வதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. தரையில் உட்கார்ந்து ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். மனைவி அதை எடுத்துத் துடைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "சாயா போடட்டா?" என்றாள்.

பற்றவைக்கிற மெஷினை கிரில் பட்டறைச் சேட்டன் ஒருவர் தந்தார். அதை முதல் நாள் போட்டதும் வரிசை வீடுகள் அத்தனையிலும் மின்சாரம் போனது. "இக்கா! ஃபேன் நின்னு! சீரியலும் போயி!" என்று பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் தலையை நீட்டிக் கத்தினாள். கடைசியில் மதியம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் மட்டும் பற்றவைப்பது என்று உடன்பாடானது. அது எல்லோரும் தூங்குகிற நேரம். எனக்கும் தூக்கம் வரும். என்ன செய்வது?

குழாயைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மனைவிதான் பிடித்தாள். என் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடி நிற்பாள். முதல் வாரம் பொறி பறந்ததும் குழாயை விட்டுவிடுவாள். மூன்றாவது வாரம் எனக்கே வேலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "வலது பக்கம் சாஞ்சிருக்கு மச்சான், கண்ணு எங்க இருக்கு?" ஒரு நாள் பொறி பட்டு அவள் முழங்கையில் கொப்புளம் வந்தது. நான் பதறி மருந்தைத் தேடி ஓடினேன். "மதி மதி, போதும், தோசைக்கல்லு தராததையா இது தந்துடுச்சு" என்று அவள் கையை ஊதிக்கொண்டாள். இரவு சாப்பிடும்போது நான் அதே கையை அவளுக்குத் தெரியாமல் பார்ப்பதும், அவள் அதைத் தெரிந்துகொண்டு முந்தானையை இழுத்து மறைப்பதுமாக இருந்தோம். புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள்கூட இப்படி இருக்க மாட்டார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வரைபடம் எதுவும் நான் போடவில்லை. எத்தனை வண்டியைக் கட்டியிருக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகக் கட்டும் என்ற மிதப்பு. அந்த மிதப்புதான் என்னைக் கவிழ்த்தது.

நாலு மாதமும் சில்லறை நாளும் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றிக் கட்டி, வண்டிகளை ஏற்றிப்போகிற படகான ஜங்காரில், காயல் கடலில் சேர்கிற அழிமுகம் கடந்து வைப்பினுக்குப் போனோம். அவளும் வந்தாள். ஜங்காரில் நின்றவர்கள் சுற்றிவந்து கேள்வி கேட்டார்கள். இது ஓடுமா, லைசென்ஸ் உண்டா, சினிமாவுக்கா? எல்லோருக்கும் அவளே பதில் சொன்னாள். "நாங்க செஞ்சது" என்று ஒருவரிடம் சொல்வது காதில் விழுந்தது. நாங்க என்றாள்.

விடுதிக்கு முன்னால் கடற்கரை அகலம் குறைவு. ஒரு பக்கம் கருங்கல் போட்ட கடல்மதில், மறுபக்கம் அலை. விடுதிக்காரர் தன் விருந்தாளிகள் ஏழெட்டுப் பேரை நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார். மேல்மணலில் இரண்டு சுற்று ஓட்டினேன். என்னமாய் ஓடியது! ஒரு திணறல் இல்லை. விருந்தாளிகள் கைதட்டினார்கள். அவள் கல்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சிரித்ததில்லை, கன்னமே வலித்தது.

"மேலே மதி இக்கா" என்று விடுதிக்காரர் கத்தினார். "வெள்ளத்தோட ஓரத்துல ஓட்டுங்க. அலையைத் தெறிக்கவிட்டு ஓட்டணும். கெஸ்டுக்கு அதுதான் வேணும்."

திருப்பி இறக்கினேன். முதல் அலை சக்கரத்துக்கு அடியில் வந்தது. எஞ்சின் ஒரு செருமல் செருமி நின்றுவிட்டது.

பாலைவனத்தில் வண்டிக்கு அடியில் தகடு அடைக்க மாட்டோம். அடைத்தால் மணல் தங்கும், எஞ்சின் கொதிக்கும். அதனால் வயிற்றுப் பக்கம் திறந்தே கிடக்கும். பொறி கொடுக்கிற பாகங்களும் வயர்களும் தாழ இருந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அங்கே தண்ணீர் ஏது, குடிக்கிற பாட்டிலைத் தவிர? அப்படியே கட்டிக் கட்டிப் பழகிய கை இங்கேயும் அப்படியே கட்டிவிட்டது. மட்டாஞ்சேரியில் பிறந்தவன், உப்புக்காற்றிலேயே வளர்ந்தவன், கடலோரத்தில் ஓடப்போகிற வண்டியைக் கடலை மறந்துவிட்டுக் கட்டியிருக்கிறேன். இதைவிடப் பெரிய மடத்தனம் உண்டா? ஊரில் இருப்பதற்காகச் செய்த வேலையை அக்கரைக்காரனாகவே செய்துவைத்தேன்.

சாவியைத் திருப்பத் திருப்ப அது முனகியது, பிடிக்கவில்லை. அலை திரும்பும்போதெல்லாம் சக்கரத்துக்கு அடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனது. வண்டி புதைய ஆரம்பித்தது. கடல் ஏறிவருகிற நேரம் வேறு. வள்ளம் இழுக்கிற கயிற்றோடு மீன்பிடிக்காரர்கள் ஓடிவந்தார்கள். நான் பின்னால் தள்ளினேன். திரும்பிப் பார்த்தால் பர்தாவோடு இடுப்பளவு நீரில் அவளும் தள்ளிக்கொண்டிருக்கிறாள். "நீ போ, போ அங்க!" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. மேலே கொண்டுவந்து சேர்க்க ஒரு மணி நேரம் ஆனது. அவளுடைய செருப்பைக் கடல் கொண்டுபோய்விட்டது.

"ஒரு வாரம் கொடுங்க. அடியில தகடு அடைச்சு, வயரை எல்லாம் மேல ஏத்திக் கொண்டுவாரேன்" என்று விடுதிக்காரரிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. விருந்தாளிகள் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இக்கா, ஒரு குடும்பம் உள்ளே இருக்கும்போது இப்படி ஆயிருந்தா? எனக்குப் பேடியாகுது, பயம். இது வேண்டா. வேணும்னா வாசல்ல நிறுத்தலாம், நல்லா பெயின்ட் அடிச்சு. ஃபோட்டோ எடுக்க ஆள் வரும்."

"பொம்மை செய்ய நான் வரல" என்றேன். சொன்ன தோரணை சரியில்லைதான். அவர் முகம் சுருங்கிப்போனது. உள்ளே போய்விட்டார்.

லாரி வரும்வரை கடல்மதில் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவள் பர்தாவின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கு முதுகு பிளந்துவிடுவதுபோல் வலித்தது. யாராவது என்னை அடித்தால் தேவலை என்றிருந்தது.

"இன்னும் எத்தனை நாள் மச்சான் இருக்கு?"

"ஒரு மாசம்."

"அப்ப டிக்கெட் எடுக்கணும்."

"எடுக்கணும்." அவள் பக்கம் திரும்பிக் கேட்டேன். "என்மேல கோவமா?"

"கோவம் என்னத்துக்கு? கெட்டியாத்தானே செஞ்சீங்க." பிழிந்த துணியை உதறினாள். "நீங்க போறது எனக்குப் பழகிப்போச்சு மச்சான். அது என்னை ஒண்ணும் செய்யாது. நீங்க இங்க இருக்கிறதுதான் இப்பத்தான் பழகி வந்துச்சு."

லாரி வந்ததும் எழுந்து வண்டியை ஏற்றிக் கட்டினேன். ஜங்காரில் இந்த முறையும் ஆட்கள் கேள்வி கேட்டார்கள். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மாதம் முடியுமுன்பே கிளம்பினேன். இத்தனை வருடமும் ஒவ்வொரு தடவையும் நெடும்பாசேரி விமான நிலையம்வரை வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் மறையும்வரை கையாட்டுகிறவள் அவள். இந்த முறை வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள். நானும் வா என்று கூப்பிடவில்லை.