தட்டு நகரும் சத்தம்

எங்கள் நாய் காற்றைக் குடித்தே பெருத்துக்கொண்டிருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அம்மா போன பிறகு ஜீவனஹள்ளி வீட்டில் அப்பாவும் நானும்தான். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. காலையில் கம்பெனி கேப் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அப்பா அப்போது சாப்பாட்டையே விட்டிருந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், சோறு காய்ந்துபோகும். மயங்கி விழுந்து டிரிப்ஸ் ஏற்றும் அளவுக்குப் போனது. துணைக்கு ஓர் உயிர் இருக்கட்டும் என்று ஒரு நாட்டு நாய்க் குட்டியைக் கொண்டுவந்தேன். பெட்டை, செம்மண் நிறம், ஒரு இடத்தில் நிற்காது.

அது கொஞ்சம் வளர்ந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். தையல் ஆறும்வரை சத்தமில்லாத இடத்தில் வைக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் வீட்டில் சத்தமில்லாத இடம் அம்மாவின் அறை ஒன்றுதான். அவள் கட்டிலுக்கு அடியில் அவளுடைய பழைய புடவை ஒன்றை விரித்துப் படுக்க வைத்தேன். தையல் நன்றாகவே ஆறியது. அதற்குப் பிறகுதான் நாய் ஊத ஆரம்பித்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் இது காமன்தான் மேடம்," என்றார் டாக்டர். கன்னடக்காரப் பெண், என்னோடு தமிழில்தான் பேசுவார். "பசி ஜாஸ்தி ஆகும், உடம்புக்குத் தேவை கம்மி ஆகும். சாப்பாட்டைக் குறைங்க. தடவினா விலா எலும்பு கையில தட்டுப்படணும். மேல நின்னு பார்த்தா இடுப்பு தெரியணும்."

மேலே நின்று பார்த்தேன். தலையணை தெரிந்தது.

நான் எதிலும் அரைகுறையாக இறங்குகிற ஆள் இல்லை. உலர் தீனியைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டேன். தோல் எடுத்த கோழி, வேகவைத்த பூசணி, பீன்ஸ். சோறு கிடையாது. ஆசைக்குக் கேட்டால் ஒரு வெள்ளரித் துண்டு. கேப் வருவதற்கு முன்னால் ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது எடை கூடியிருந்தது. இன்னும் குறைத்தேன். இன்னும் கூடியது.

பக்கத்து வீட்டு அக்காமேல் சந்தேகம் வந்தது. பிஸ்கட் போடுகிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பாவைக் கேட்டேன்.

"ஒரு பருக்கைகூட நான் குடுத்ததில்லம்மா. உங்கம்மா மேல சத்தியம்," என்றார்.

அப்பா அம்மாமேல் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார். சொல்லப்போனால், அப்பா அந்த மாதங்களில் தெம்பாக இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார், சமைக்கும்போது பாட்டு முணுமுணுத்தார். நாய் வந்த ராசி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாய்தான் சரியில்லை. சாயங்காலம் நான் நிறுத்துப் போடுவதை முகர்ந்துவிட்டு விலகிப் போகும். சாத்தியிருக்கும் அம்மாவின் அறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ கூப்பிட்டதுபோல மெதுவாக வாலை ஆட்டும். திறந்து பார்த்தால் உள்ளே கட்டிலும் இருட்டும்தான். ஒருநாள் அதைக் கட்டிக்கொண்டு தலையில் முகம் வைத்தேன். அம்மா முட்டிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை வந்தது. அதன் மூச்சில் மிளகும் சீரகமும். நான் கையை எடுத்துக்கொண்டேன். சொந்த நாயைப் பார்த்தே எனக்குப் பயமாக இருந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டில் ஒன்றும் இல்லை. "எங்கேயோ சாப்பிடுது மேடம்," என்றார் டாக்டர். "வெங்காயம் போட்ட குழம்பு, உப்பு எல்லாம் இதுக்கு விஷம். அதோட இந்த வெயிட்டுக்கு முட்டி தாங்காது. சின்ன வயசு, நடக்க முடியாம போயிடும்." அதற்குள்ளேயே நாய் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டுதான் படியேறத் தொடங்கியிருந்தது.

பிறகு ஒருநாள் பேய் மழையில் சாலையெல்லாம் மூழ்கி, கேப் வரவில்லை. மாடியில் என் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். மதியம் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினால், அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது, அப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். கற்பூர வாசனை. என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

உள்ளே ஏதோ நகர்ந்தது. எவர்சில்வர் தட்டு தரையில் உராயும் சத்தம். பிறகு டம்ளர் அசையும் சத்தம்.

"வந்துட்டா," என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

படையல். எங்கள் பக்கத்தில் அமாவாசைக்கும் திதிக்கும் போடுவதுதான். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு, தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வந்தவர்கள் பசியோடு திரும்பிவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டி, அவர்கள் எழுந்து போக அவகாசம் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். அப்பா அதைத் தினமும் செய்துகொண்டிருந்தார். என்னிடம் சொன்னால் கிண்டல் செய்வேன் என்று மறைத்திருக்கிறார். கிண்டல் செய்திருப்பேன்தான்.

"மொதல்ல எல்லாம் வெச்சது வெச்சபடியே இருக்கும்மா. அப்புறம் ஒருநாள் காலியா இருந்துச்சு. இப்ப தெனம் வர்றா. அவ சாப்பிட்டாதான் எனக்கும் எறங்குது."

தட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். தட்டு கழுவி வைத்ததுபோல இருந்தது. வைத்த இடத்தில் இல்லை, கட்டில் ஓரமாகப் போயிருந்தது. "அம்மா" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் அங்கேயே நின்றேன். கட்டிலிலிருந்து தொங்கிய விரிப்பு அசைந்தது. மெதுவாக உயர்ந்தது. அடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது, மீசை முழுக்கக் குழம்பு.

அப்பா அறையைத் திறந்து வைத்துவிட்டு, காக்கைக்குச் சோறு வைக்க மொட்டை மாடிக்குப் போகும்போது அது உள்ளே நுழைந்து, கட்டிலுக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் காத்திருந்திருக்கிறது. அது படுத்துப் பழகிய இடம்தானே. எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது ஏமாற்றம். அம்மா வரவில்லை என்ற துக்கம், அவள் செத்த அன்றைக்கு இருந்த அதே அளவில் வந்தது.

சொல்லிவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். அப்பா சப்பணம் போட்டு, கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து, இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடித்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

மறுநாளும் மழை. மதியத்துக்கு முன்பே நாயை என் அறையில் வைத்துப் பூட்டினேன். அப்பா கதவைத் தட்டினார், திறந்தார், நின்றார். தட்டு அப்படியே இருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் தட்டு நிறைந்தே இருந்தது. "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்," என்றார். "கோச்சிக்கிட்டா." ராத்திரி நான் கொடுத்த கஞ்சி டம்ளரைத் தள்ளி வைத்தார். மறுபடி டிரிப்ஸ், மறுபடி அந்தக் காய்ந்த சோறு என்று என் மனம் ஓடியது.

"அப்பா, நம்ம நாய் இருக்குல்ல..."

"நாய இப்ப எதுக்கு இழுக்கற? உங்கம்மா வரலன்னு சொல்லிட்டிருக்கேன்."

நாயைத் திரும்ப உள்ளே விட்டால் அது நொண்டியாகும். விடாவிட்டால் அப்பா போய்விடுவார். மேனேஜரிடம் கெஞ்சி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். மறுநாள் மதியம் அப்பா காக்கைச் சோற்றை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன்.

தூசி, நாய் முடி, தைலம் ஊறிய புடவை. விரிப்பின் இடுக்கில் அப்பாவின் வெடித்த குதிகால்கள் வந்தன, தட்டை வைத்தன, போயின. கதவு மூடியது. ஜன்னலும் மூடியிருந்ததால் பட்டப்பகலில் கும்மிருட்டு. கையை நீட்டித் தட்டை இழுத்தேன். அதே சத்தம். வெளியே அப்பாவின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

செத்தவளுக்கு வைத்த சோற்றை அவள் படுக்கைக்கு அடியில் படுத்துக்கொண்டு தின்பது எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. குழம்பு நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. பிசையப் பிசைய வளையல் குலுங்கியது. அம்மாவின் வளையல்கள், அவள் போன பிறகு நான் போட்டுக்கொண்டவை. கழற்றி வைக்க மறந்துவிட்டேன். கதவுக்கு வெளியே அப்பா அழ ஆரம்பித்தார். இருட்டில் என் கை எனக்கே தெரியவில்லை. வளையல் சத்தம் மட்டும் தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது, அது நான்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று அப்பா சாப்பிட்டார். அதற்குப் பிறகு தினமும் அப்படியே நடந்தது. நாய் மாடியறையில் பீன்ஸும் பூசணியும் தின்று, கதவைப் பிராண்டி, மெல்ல இளைத்தது. விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது. காலை ஊன்றிப் படியேறியது. "சூப்பர் மேடம், இடுப்பு வந்துடுச்சு," என்றார் டாக்டர். என் இடுப்பு போய்க்கொண்டிருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா தட்டைக் கழுவும்போது நான் மாடிக்கு நழுவிவிடுவேன். பிறகு "வாம்மா, சாப்பிடலாம்" என்று கூப்பிடுவார். வயிறு நிறைய அம்மாவின் சோறு. "பசிக்கலப்பா" என்பேன். தினமும் அதே பதில்தான்.

ஒருநாள் கடைசிக் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, அவர் கதவைத் தட்டக் காத்திருந்தேன். தட்டவில்லை. கதவுக்கு மிக அருகில், தாழ்வாக, அவர் குரல் வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பொண்ணு இப்ப வீட்லயேதான் இருக்கா. என்கூட ஒருவேளை உக்காந்து சாப்பிட மாட்டேங்கறா. எப்பக் கேட்டாலும் பசிக்கலங்கறா. உன்னை நெனச்சு நான் கெடந்தேனே, அந்த மாதிரி ஆயிட்டாளோன்னு பயமா இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ கொஞ்சம் சொல்லேன்."

புடவையை வாயில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினார்.

அன்றைக்கு அவர் கூப்பிடுவதற்கு முன்பே இறங்கி வந்து, அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "பசிக்குதுப்பா," என்றேன்.

எனக்கு ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு சோற்றைப் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். தொண்டைவரை நிறைந்திருந்த வயிற்றுக்குள் நான் பிசைந்து பிசைந்து தள்ளினேன். நான் தட்டை வழித்து முடித்ததும், அப்பா அம்மாவின் அறைப் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"நீ சொன்னதும் கேட்டுட்டா பாரு."