கணியம்பாடிக்குக் கீரை விதை வாங்கப் போனோம்

ஓய்வு பெற்ற டீச்சர் பயணக் கட்டுரை எழுதினால் அதில் அருவியா வரும்? பள்ளிக்கூடம்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985, ஆடி மாதம். ஆம்பூரை ஒட்டிய ஒரு பள்ளியில் எனக்கு வேலை. மதியம் பிள்ளைகளுக்குச் சோறும் தண்ணிச் சாம்பாரும்தான். கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊராரே தோட்டம் போட்டு, அன்றன்று கீரை பறித்துச் சமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'நமக்கும் கீரை வரும்' என்று சொல்லி, பிள்ளைகளோடு சேர்ந்து நான்கு பாத்தி வெட்டிவிட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டுமே! கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு எங்கள் பள்ளி லீவு விட்ட நாளில், சத்துணவு சமைக்கும் சரோஜாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 6.10 பஸ். வேலூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் நாலு ரூபாய். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் எங்கே முடிகிறது என்று கேட்காதீர்கள், எங்கள் மூக்குக்கு அது தெரியாது. வேலூரில் இட்லி. அங்கிருந்து கணியம்பாடி பதினாலு கிலோமீட்டர், ஒண்ணே கால் ரூபாய். பிறகு மூன்று கிலோமீட்டர் நடை.

பள்ளிக்குப் பின்னால் அரைக்கீரை, சிறுகீரை, வேலியோரம் முருங்கை. வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சரோஜாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அந்தப் பள்ளியில் சமைக்கும் முனியம்மாவிடமிருந்து கரண்டியை வாங்கி, அறுபது பிள்ளைகளுக்கும் கீரை கடைந்தாள். பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டையே பார்த்தார்கள்.

முனியம்மா நாக்கில் தொட்டுப் பார்த்தாள். "இன்னாக்கா, உப்பே இல்ல?"

"போட்டேனே. எங்க ஊர்ல போடற அளவுதான்."

"உங்க கெணத்துத் தண்ணி எப்டி?"

"கரிக்கும். தோல் ஷாப் கழிவு எறங்கி இப்பல்லாம் ஜாஸ்தி."

முனியம்மா உப்பு ஜாடியை எடுத்தாள். "அப்ப உங்களுக்குப் பாதி உப்பு தண்ணியிலயே வந்துடுது. அதுல கீரை வராதுக்கா."

சரோஜா என்னைப் பார்த்தாள். இத்தனை வருடமாகக் கை தானாகவே உப்பைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவே இல்லை. ஆனாலும் வந்ததுமே வாங்கி வைத்திருந்த விதைப் பொட்டலத்தை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாள்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், கீரை பறிப்பதைப் பார்க்கலாம். செருப்பு நல்லதாக இருக்கட்டும். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கட்டாயம் எடுத்துப் போங்கள். விதை கேட்பதற்கு முன்னால் அதைக் காட்டுங்கள்.

ஈரமான கீரைப் பாத்தியை எங்கே கண்டாலும் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் காலை, பிள்ளைகள் பள்ளி கேட்டிலேயே காத்திருந்தார்கள். எப்படி விதைக்காமல் இருப்பது? நாலாம் நாள் முளைத்தது. ரெண்டாவது வாரம் இலை நுனி கருகியது. பயிர் காய்கிறது என்று நினைத்து, பிள்ளைகள் சாப்பாட்டு மணியில் ஓடிப் போய் இன்னும் ரெண்டு குடம் அதே தண்ணீரை இறைத்து ஊற்றினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.