சின்ன எழுத்து

மச்சானுக்குத் தர வேண்டியிருந்தது ஒரு தேர்வுக் கட்டணம். எண்ணிக் கொடுத்தால் இருபத்து நான்கு நோட்டுகள்; டோனரின் மாதச் சம்பளத்தில் சரிபாதி. அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் அவருடைய விரல்கள் தட்டத் தொடங்கிவிடும். பேருந்துக் கம்பி, சாப்பாட்டு மேசை, முடிவெட்டும் கடை நாற்காலியின் கை, சொந்தத் தொடை, எது கிடைத்தாலும் அதுதான் விசைப்பலகை. கடைசியில் வலது சுண்டுவிரலால் ஓங்கி ஒரு தட்டு. அது 'எண்டர்'. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு நிறுத்தம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடம் தேடுவார்கள்.

டோனர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. நகல் எந்திரத்துக்குள் போடும் கறுப்புத் தூளின் பெயர் அது. ஒரு பெரிய அலுவலகத்தின் மூன்று மாடிகளிலும் இருக்கும் பதினோரு நகல் எந்திரங்களுக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் வைத்தியர். நகக்கண்ணில் ஏறிய தூள் எந்தச் சோப்புக்கும் இறங்கவில்லை. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தேழு. படிப்பு ஒன்பதாம் வகுப்பில் பாதி. படித்தவன் கேட்டுத் தெரிந்துகொள்வான், இந்த ரகத்து ஆள் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வான். கழற்றிப் பார்த்தது சாகும்வரை மறக்காது. பட்டம் வாங்கியவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உள்ளே காகிதம் சிக்கிக்கொண்டால் அவர்கள் கூப்பிடுவது யாரை?

போன வருடம் மேலாளர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டோனர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இனிமே எல்லாம் ஸ்க்ரீன்லதான். பதினோரு மெஷின் ரெண்டாகப் போகுது. ரெண்டு மெஷினுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. கீழே சர்வர் ரூம்ல ஒரு இடம் காலியா இருக்கு. லினக்ஸ்ல முதல் படி சர்டிபிகேட் ஒண்ணு கொண்டு வாங்க, உங்களைப் போட்டுர்றேன். வருஷக் கடைசிவரைக்கும் டைம்."

லினக்ஸ் என்றால் என்ன என்று டோனர் அன்றே விசாரித்துவிட்டார். கணினியை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு கேட்க மாட்டார்கள். "தொறந்து பாக்கலாமா? அப்போ அது நமக்குச் சொந்தக்கார மெஷின்தான்" என்று வீட்டில் வந்து மார்தட்டினார். மென்பொருளுக்குத்தான் காசில்லை, தேர்வுக்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. மனைவியின் தம்பி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவன், கேட்ட அன்றே கொடுத்தான்.

டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் லினக்ஸ் வகுப்பு. சனி, ஞாயிறு காலைகளில் எட்டுக் கணினிகளுக்கு முன்னால் ஏழு இளவட்டங்களும் டோனரும் உட்காருவார்கள். உட்காருவார் என்று சொல்வது பேச்சுக்குத்தான். பத்து நிமிடத்துக்கு மேல் அவர் நாற்காலியில் தங்கியதில்லை. எழுந்து போய் அடுத்தவன் கணினியின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பார், ஆடுகிற வயரை அழுத்துவார், மின்விசிறியின் சத்தத்துக்குக் காது கொடுப்பார். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான். அவளை 'டீச்சரம்மா' என்பார். அந்தப் பெண் முதலில் நெளிந்தாள், பிறகு பழகிவிட்டாள்.

அங்கேதான் ஒரு பழைய வழக்கம் காலை வாரியது. எந்திரத்தைப் பழுதுபார்த்ததும் அவர் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். டோனரின் கையெழுத்து யாருக்கும் விளங்கவில்லை என்று தலைமைக் குமாஸ்தா ஒருநாள் சத்தம் போட்டார். அன்று முதல் ஆங்கிலத்தில் எல்லாமே பெரிய எழுத்துதான். பிறகு சீட்டு கணினிக்குப் போனது. இடது சுண்டுவிரல் தானாகவே பெரிய எழுத்துக்கான 'கேப்ஸ் லாக்'கை அமுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். லினக்ஸுக்கோ பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. அவர் பெரிய எழுத்தில் கட்டளை போட்டால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று ஒரே வரியில் கையை விரித்துவிடும். அப்படியொரு கட்டளையே தெரியாது என்று பொருள்.

"ஐயா, மறுபடியும் கேபிடல்."

"ஆமா டீச்சரம்மா! கை அதுபாட்டுக்குப் போகுது!"

"நீங்க பேசுறதே கேபிடல்லதான் பேசுறீங்க. கீழே டயர் கடைக்காரங்க மேல பாக்குறாங்க."

பதினோரு எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பேசிப் பேசி வந்த தொண்டை அது. வீட்டிலும் அதே கதை. "தண்ணி கொண்டா!" என்று கூடத்திலிருந்து கத்தினால், உள்ளேயிருந்து மனைவி நிதானமாகச் சொல்லுவாள்: "கமாண்ட் நாட் ஃபவுண்ட்." வகுப்பில் எந்தக் கட்டளைக்கு முன்னாலும் 'நான் எங்கே நிற்கிறேன்' என்று கேட்கும் 'பி டபிள்யூ டி' கட்டளையைப் போட்டுப் பார்ப்பது டோனருக்குப் பழக்கமாகிவிட்டது. "பி டபிள்யூ டி, பி டபிள்யூ டி" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார். அதற்கும் பதில் வரும். "சமையல்கட்டுல நிக்கிறீங்க. நகருங்க, கொதிக்குது."

முதல் தேர்வில் தேர்ச்சிக்கு இரண்டே கேள்வி குறைந்து தோற்றார். கோடிட்ட இடத்தில் கட்டளையைத் தட்டச்சு செய்யும் கேள்விகள் ஆறு. ஆறுக்கும் விடை தெரியும். ஆறையும் பெரிய எழுத்தில் அடித்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் பாதி இறங்கியபோதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. தேர்வு அறையைத் தவிர்த்தால், அவர் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் இருந்தது அந்த வருடத்தில் அது ஒன்றுதான்.

செய்தி கேட்டு மச்சான் வந்தான். "எங்க ஸ்கூல்ல ஃபெயிலானாலாவது ரெண்டாவது ரவுண்டு காசு வாங்காம ஓட்ட விடுவோம் மாமா."

"தந்துடுறேன் மாப்ள. ரெண்டு மாசம் பொறு."

"அட, விட்டுடுங்க. யார் கேட்டா? அக்கா வீட்டுக்குக் கொடுத்ததா நினைச்சுக்கிறேன். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மாமா கம்ப்யூட்டரு?"

வாசலில் நின்று கத்தும் கடன்காரனிடம் பதிலுக்குக் கத்திவிடலாம். வேண்டாம் என்று கையை மடக்கிக்கொள்பவனை என்ன செய்வது? தன் கையால் சம்பாதித்துத் தின்றவனுக்குத்தான் தெரியும், அந்த 'விட்டுடுங்க' எங்கே போய்த் தைக்கும் என்று. டோனர் அன்று சாப்பிடவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பயிற்சிக்கென்று வீட்டில் வைத்திருந்த பழைய கணினியின் கேப்ஸ் லாக் பொத்தானைப் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஐந்து மாதமும் விடுமுறை நாட்களின் பிற்பகலில் கடை கடையாய்ப் போய் நகல் எந்திரம் பழுதுபார்த்தார். இரண்டாவது கட்டணம் அந்தக் காசில்தான். மச்சானிடம் போகவில்லை.

தேர்வு அறையில் பொத்தானைப் பிடுங்க முடியாது. அதனால் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வலது கை மட்டும் ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று தேடித் தேடித் தட்டியது. கண்காணிப்பாளர் அம்மா சந்தேகத்தோடு வந்து நின்றாள்.

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. போன தடவை தப்புப் பண்ணினது இதுதான். உள்ளே வச்சிருக்கேன்."

எடுத்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். மரத்துப்போய்ச் சிவந்திருந்த வெறுங்கை. திரும்பவும் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம். முடித்ததும் திரை ஒரு நொடி வெளுத்து, 'தேர்ச்சி' என்றது.

இப்போது சர்வர் அறையில் வேலை. அங்கேயும் நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. கறுப்புப் பெட்டிகளின் நடுவே நடந்தபடியே இருக்கிறார். நகக்கண்ணில் தூள் இன்னும் இருக்கிறது.

முதல் மாதச் சம்பளத்தை வாங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். கார் கற்றுக்கொள்ள வந்த நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

"என்ன மாமா, ஸ்டியரிங்கும் பிடிச்சுப் பாக்கலாம்னு வந்தீங்களா?"

"கையை நீட்டு."

"எதுக்கு? அதான் அப்பவே விட்டுடுங்கன்னு..."

"நீ விட்டுட்ட மாப்ள. நான் விடல. நீட்டு."

நாலு பேரும் பார்த்தார்கள். மச்சான் கையைத் துடைத்து நீட்டினான். டோனர் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார்; கூடவே வந்த பொத்தானைத் திரும்ப உள்ளே போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக வைத்தார். வரிசையில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்காத குரல். மச்சான் குனிந்து காது கொடுக்க வேண்டியிருந்தது. இருபத்து நான்காவது நோட்டை வைத்ததும், விரித்த அந்தக் கையிலிருந்த நோட்டுகளின்மேல் வலது சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார்.